துள்ளுகிற பிள்ளைக்கு டயப்பர் மாற்றுவது

அதிகாலை ஐந்து மணிக்கு முன்பே, மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் தேவாரத்துத் தெருக்களில் ஜீப் ஹாரன் கேட்க ஆரம்பித்துவிடும். ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றுகிற வண்டிகள். வாசலில் நின்றால் தெரிகிற மலைதான். சாக்குலத்து மெட்டு வழியாக ரோடு போட்டால் பக்கம் என்று ஊர் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அது வரும்வரை போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றித்தான் ஏற வேண்டும். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவு. அதனால்தான் இருட்டோடு இருட்டாக ஹாரன்.

அந்த ஹாரனுக்கும் வாசற்படிக்கும் நடுவில் ஒரு வேலை பாக்கியிருக்கும். தூக்குவாளியில் சோறு போட்டாயிற்று, தலைத்துண்டு எடுத்தாயிற்று. பிள்ளையை அப்பத்தாவிடம் கொடுப்பதற்கு முன்னால் ராத்திரி போட்ட டயப்பரை மாற்ற வேண்டும். அது ஊறிப்போய் முழங்கால் வரை தொங்குகிறது. ஒன்றரை வயதுப் பிள்ளை படுக்க மாட்டேன் என்கிறது. மல்லாத்தினால் புரள்கிறது, பிடித்தால் முதுகை வில்லாக வளைக்கிறது, பிடியை விட்டால் அம்மணமாக அடுப்படிக்கு ஓடுகிறது. மறுபடி ஹாரன்.

நானும் இந்த ஊரில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள்தான். மூத்தவனோடு இந்தச் சண்டையை ஏறக்குறைய தினமும் போட்டேன், தினமும் தோற்றேன். இளையவளிடம் சண்டை அவ்வளவாக இல்லை. அவள் சாது என்று சொல்ல முடியாது, அவனைவிட ஒரு படி மேல். இடையில் மாறியது என் கைதான். எப்படி மாறியது என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் ஒரு கணக்கு. நாளைக்கு ஐந்து முறை மாற்றினாலும் வருடத்துக்கு 1,825 முறை. நம் வீடுகளில் பகலில் வெறும் ஜட்டியோடு விட்டு, ராத்திரிக்கும் பயணத்துக்கும் மட்டும் போடுவதால் பாதியாகக் குறையலாம். அப்படியும் நூற்றுக்கணக்கான முறை நீங்களும் பிள்ளையும் அந்த மூன்று நிமிடத்துக்கு நேருக்கு நேர் உட்காரப்போகிறீர்கள். ஒரு நாள் கூத்தென்றால் அமுக்கிப் பிடித்து முடித்துவிடலாம். இத்தனை நாளைக்கு அமுக்க நமக்கும் தெம்பில்லை.

பிள்ளைக்குக் கோபம் டயப்பர் மேல் இல்லை. அது அப்போதுதான் மூடியைப் பாத்திரத்தில் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. நாம் பின்னாலிருந்து வந்து ஒரு வார்த்தை சொல்லாமல் தூக்கி மல்லாத்திவிட்டோம். நடக்கப் பழகிய பிள்ளைக்கு மல்லாக்கப் படுப்பது என்பது பதவி பறிபோன மாதிரி. எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் 1950இல் எழுதிய புத்தகத்தில், ஒன்றரை முதல் மூன்று வயது வரை பிள்ளைக்கு நடக்கும் பெரிய போராட்டமே ‘என் உடம்பு என் வசம்’ என்பதுதான் என்ற பொருளில் எழுதினார். அதை வாசிப்பதற்கு முன்பே என் மாமியார் அதைச் சொல்லிவிட்டார். “அவனுக்கு மீசை மொளைச்சிருச்சு. கேட்டுத்தான் தொடணும்.”

மாமியார் ஏலக்காட்டில் காய் எடுத்தவர். ஏலச்செடியில் சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டிக் கிடக்கும். ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், முற்றினதும் இருக்கும். முற்றினதை மட்டும் எடுத்துப் பிஞ்சை விட்டுவர வேண்டும். அதற்கு ஆள் கீழே உட்கார வேண்டும், கை நிதானமாகப் போக வேண்டும். நின்றுகொண்டு இழுத்தால் சரம் கையோடு வந்துவிடும். என் மூத்தவனை நான் நின்றபடி இழுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர் வந்து என்னைத் தோளில் கைவைத்துத் தரையில் உட்கார வைத்தார். “மொதல்ல நீ உக்காரு தாயி. அப்புறம் அவன்.”

உட்காருங்கள். இதை நான் உபசாரத்துக்குச் சொல்லவில்லை. குனிந்து நிற்கும்போது இடுப்பு வலிக்கும், வலித்தால் கை முரடாகும், நம் முகம் பிள்ளைக்கு மேலே கூரை மாதிரி கவிழ்ந்திருக்கும். தரையில் சம்மணம் போட்டால் முகம் முகத்துக்கு நேராக வருகிறது. படங்களில் காட்டுகிற டயப்பர் மேசை நமக்குத் தேவையில்லை. தரையிலிருந்து எந்தப் பிள்ளையும் கீழே விழுந்ததில்லை. முட்டிவலிக்கார அப்பத்தாமார்கள் திண்ணையில் உட்கார்ந்து, பிள்ளையைக் கீழ்ப்படியில் நிற்க வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, சொல்லிவிட்டுத் தொடுவது. இதில் நம் ஆட்கள் எல்லோரும் செய்யும் ஒரு தப்பு உண்டு. கொஞ்சலாகக் கேட்பதாக நினைத்து “மாத்தலாமா ராசா?” என்போம். அவன் “வேணா” என்பான். கேள்வி கேட்டால் பதில் வரத்தானே செய்யும்? வந்த பதிலைக் காதில் வாங்காமல் தூக்கினால் முதல் ஏமாற்றம் நம்முடையதுதான். மாற்றியே ஆக வேண்டும் என்றால் கேட்காதீர்கள், சொல்லுங்கள். “இந்த மூடியப் போட்டு முடி. முடிச்சதும் பேம்பர்ஸ் மாத்தப்போறோம்.” கேட்பதற்கு வேறு விஷயம் இருக்கிறது. “கட்டிலப் புடிச்சுக்கிட்டு நிக்கிறியா, அம்மா தோளப் புடிச்சுக்கிறியா?” இரண்டில் எதைச் சொன்னாலும் நமக்குச் சம்மதம். அவனுக்கோ தானே முடிவு செய்த கம்பீரம்.

சொன்ன பிறகு சற்றுப் பொறுங்கள். மனதுக்குள் பத்து எண்ணுகிற நேரம். அந்த வயதில் சொன்னது காதில் விழுந்து, புரிந்து, உடம்பு திரும்ப அவ்வளவு நேரம் ஆகிறது. நாம் இரண்டு எண்ணுவதற்குள் “சொன்னா கேக்குறியா?” என்று ஆரம்பித்துவிடுகிறோம்.

எம்மி பிக்லர் என்ற ஹங்கேரி நாட்டுக் குழந்தை மருத்துவர் 1946இல் புடாபெஸ்ட்டில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். லோட்சி தெருவில் இருந்ததால் அந்த இல்லத்துக்கு லோட்சி என்றே பெயர் நின்றுவிட்டது. கைக்குழந்தைக்குத் துணி மாற்றினாலும் “இப்ப உன் காலத் தூக்கப்போறேன்” என்று சொல்லி, கையை நீட்டி, அது காலைத் தரும்வரை காத்திருக்கப் பணிப்பெண்களைப் பழக்கினார். பிள்ளை நிற்க ஆசைப்பட்டால் நிற்க வைத்தே மாற்றினார்கள். ஒரு பெண் பல பிள்ளைகளைப் பார்க்கும் இடத்தில் இதற்கு நேரம் இருந்தது என்றால், ஜீப் நிற்கும் வாசலிலும் இருக்கும்.

நிற்க வைத்து மாற்றுவதைத்தான் நான் அடித்துச் சொல்வேன். இப்போது நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் ஜட்டி மாதிரி மாட்டுகிற பேண்ட்ஸ் வகை. (எந்தக் கம்பெனியுடையது என்றாலும் இங்கே பெயர் பேம்பர்ஸ்தான். 1961இல் அமெரிக்காவில் வந்த ஒரு பிராண்டின் பெயர் தேவாரம் பெட்டிக்கடையில் பொதுப்பெயராகிவிட்டது.) இதைக் கழற்றும்போது கீழே உருவாதீர்கள். இரண்டு பக்கமும் இடுப்பிலிருந்து தொடைவரை ஒரு தையல் இருக்கும். அதைக் கிழித்தால் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்றாகப் பிரிந்து கையில் வந்துவிடும். வெறும் மூத்திரம் என்றால் ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, புதியதை மாட்டிவிடலாம். புதியதைப் பாவாடை சுருட்டுவது போலச் சுருட்டிக் கால் நுழையும் ஓட்டையைப் பெரிதாக்கி, தரையோடு பிடித்துக்கொள்ளுங்கள். “ஒரு காலு ஜீப்புக்குள்ள ஏறட்டும்.” பிள்ளை உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கும். “இன்னொரு காலு.” ஏறிவிட்டது. தொடையோரத்துச் சுருக்கு உள்ளே மடிந்திருந்தால் விரலை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள், ஒழுகுவது அங்கேதான்.

இன்னொன்று, அரைஞாண் கொடி. எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு வெள்ளியிலோ கறுப்புக் கயிற்றிலோ கட்டாயம் இருக்கும். டயப்பரின் இலாஸ்டிக் அதன் மேல் ஏறி உட்கார்ந்தால் ராத்திரி முழுக்க அழுத்தி, காலையில் இடுப்பைச் சுற்றிச் சிவந்த கோடு விழுந்திருக்கும். என் மூத்தவன் ‘டயப்பரைக் கண்டாலே கத்துகிறான்’ என்று ஒரு மாதம் புலம்பினேன். காரணம் அந்தக் கோடு. கொடியை இலாஸ்டிக்குக்கு மேலே இழுத்துவிட்ட அன்றைக்கே பாதிக் கத்தல் நின்றது. பிடிவாதம் என்று பெயர் வைப்பதற்கு முன்னால் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.

மலம் போயிருந்தால் நிற்க வைத்துத் துடைப்பது சரிப்படாது, அப்பிக்கொள்ளும். காத்திருக்கவும் கூடாது. மூத்திரத்தோடு மலம் சேரும்போது தோலின் புளிப்புத்தன்மை குறைந்து, மலத்திலுள்ள செரிமான நொதிகள் தோலையே அரிக்க ஆரம்பிக்கும். சிவப்பதும் எரிவதும் அதனால்தான். இங்கே நம் பழைய முறையை மிஞ்ச ஒன்றும் இல்லை. பின்வாசலில் மணை போட்டுக் கால் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் குப்புறக் காலில் கிடத்தி, சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது. குளிப்பாட்டின நாளிலிருந்து அந்தக் கால்கள் பிள்ளைக்குத் தெரியும். மார்கழியில் மலைக்காற்று இறங்கும் ஊர் இது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். குளிர்ந்த முதல் சொம்புதான் மறுநாள் ஓட்டத்துக்குக் காரணம். பெண் பிள்ளைக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். ஆண் பிள்ளைக்கு நுனித்தோலை இழுத்துக் கழுவ வேண்டியதில்லை. பிறகு ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். இரண்டு கணுக்காலையும் ஒரே கையில் பிடித்துக் கோழியைத் தூக்குவது போலத் தூக்குகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் ஒருக்களித்தாலே போதும்.

பவுடர் வேண்டாம். அந்தப் புழுதி பிள்ளையின் மூச்சில்தான் போகும். தோல் காய்ந்தபின் லேசாக வாஸலினோ ஜிங்க் ஆக்சைடு களிம்போ போதும்.

கையில் என்ன கொடுப்பது? ஒரு வேலை. பொம்மையைவிட வேலைதான் பிள்ளையைப் பிடித்து நிறுத்துகிறது. புது டயப்பரைப் பிடித்துக்கொள்ளும் வேலை, களிம்பு மூடியைத் திறக்கும் வேலை, எண்ணுகிற வேலை. மத்து, டம்ளர், வாளியின் பிடி எல்லாம் நல்ல சாமான்கள். ஏலக்காய் மட்டும் கூடாது. எங்கள் வீடுகளில் அது எங்கு பார்த்தாலும் கிடக்கும், பிள்ளை மோந்து பார்த்துச் சிரிக்கும், அழகாகத்தான் இருக்கும். ஆனால் மூச்சுக்குழாய்க்கு அளவெடுத்தது போன்ற சைஸ். வாசனை காட்ட வேண்டுமென்றால் பொட்டலத்துணியைக் கொடுங்கள். பட்டன் பேட்டரி போட்ட விளையாட்டுச் சாமானும் அப்படித்தான். விழுங்கினால் உணவுக்குழாயைச் சுட்டுவிடும்.

பாட்டு நன்றாக வேலை செய்யும். பக்கத்துப் பண்ணைப்புரத்தில் இளையராஜா பிறந்த மண்ணில் இருந்துகொண்டு பாட்டுக்குப் பஞ்சமா? ஒரே பாட்டை ஒவ்வொரு முறையும் பாடுங்கள். பல்லவிக்குள் கழுவி, சரணத்துக்குள் மாட்டி முடிக்கும் அளவுக்கு அது பிள்ளைக்குக் கடிகாரமாகிவிடும். நமக்கும் ஒரு லாபம் உண்டு. பாடுகிற ஆள் மூச்சை நீளமாக வெளியே விட்டுத்தான் ஆக வேண்டும். மூச்சு நீளமாகப் போனால் நெஞ்சின் படபடப்பு இறங்கும். செல்போனைப் பற்றிக் கேட்பீர்கள். காட்டினால் அசையாது நிற்கும், மறுக்கவில்லை. மறுநாளிலிருந்து போன் இல்லாமல் நிற்காது. ஊசி போடப் போன இடத்தில், காய்ச்சல் நாளில் நானும் காட்டியிருக்கிறேன். தினசரிக்கு வேண்டாம்.

வாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். “ச்சீ, நாத்தம்! வவ்வே!” என்று மூக்கைப் பிடிப்பது விளையாட்டாகத்தான் தொடங்குகிறது. பிள்ளைக்கு அது தன் உடம்பைப் பற்றிய தீர்ப்பு. சில பிள்ளைகள் இதனாலேயே மலத்தை அடக்கப் பழகி, இறுகிப்போய், போகும்போது வலித்து, வலிக்குப் பயந்து இன்னும் அடக்கும். அந்தச் சுழலிலிருந்து மீட்க மாதக்கணக்காகும். பயமுறுத்துவதும் அப்படியே. சில வருடங்களுக்கு முன்பு மலையடிவாரத் தோட்டங்களுக்குள் மக்னா யானை இறங்கி, கும்கிகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த காலத்தில், எங்கள் தெருவில் பூச்சாண்டிக்கு வேலை போய்விட்டது. “படு, இல்லைன்னா மக்னா வந்துரும்” என்பார்கள். பிள்ளை படுத்தது. ஆனால் பிறகு இருட்டில் கொல்லைக்குக் கூட்டிப்போனால் காலைக் கட்டிக்கொண்டு அலறியது. உண்மையாகவே யானை வருகிற ஊரில் யானையைப் பொய்க்குக் கூப்பிடக் கூடாது.

இவ்வளவு செய்தும் கோபம் வருகிற நாள் வரும். எனக்கு வந்தது. ஒரு நாள் மூன்றாவது முறையாக மூத்தவன் உதறிவிட்டு ஓடியபோது இழுத்துத் தொடையில் ஒன்று வைத்தேன். சின்னத் தொடை. என் நாலு விரலும் வரிவரியாக எழுந்து நின்றன. அவன் உடனே அழவில்லை, என் கையைத்தான் பார்த்தான். டயப்பர் அன்றைக்கு ஒரு நிமிடத்தில் மாட்டியாயிற்று. அடுத்த பத்து நாள் நான் கையில் அதை எடுத்தாலே கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கினான்.

அந்த நிலைக்குப் போகுமுன் நம் உடம்பு சொல்லும். எனக்குத் தாடை இறுகும். என் மாமியாருக்குப் பேச்சு நின்றுபோகும். உங்களுக்கு எது என்று பார்த்து வையுங்கள். அது வந்ததும் இரண்டு கையையும் எடுத்து உங்கள் மடியில் வையுங்கள். வெறும் ஈரம் என்றால் ஐந்து நிமிடம் பொறுத்தால் குடி முழுகாது. மலம் என்றால் ஆளை மாற்றுங்கள். புருஷன்மார்கள் அடுத்த அறையில் போன் பார்த்துக்கொண்டு “என்ன சத்தம்?” என்று கேட்பதற்குப் பதிலாக எழுந்து வரலாம். ஆள் யாரும் இல்லையென்றால் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். பிள்ளை தரையில்தான் இருக்கிறது, ஓடினாலும் வீட்டுக்குள்தான். அடித்தே விட்டீர்கள் என்றால், “அம்மா அடிச்சது தப்பு. வலிச்சுதா?” என்று கேளுங்கள். புரியுமா என்றால், சொற்களைவிடக் குரல் புரியும்.

எல்லாக் கத்தலும் பிடிவாதம் இல்லை. திடீரென்று, நேற்றுவரை நின்ற பிள்ளை இன்று தொடவே விடவில்லை என்றால் உடம்பைப் பாருங்கள். தொடை மடிப்புக்குள் அடர் சிவப்பும் அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகளும் இருந்தால் பெரும்பாலும் பூஞ்சை, வாஸலினுக்குக் கேட்காது. மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு சேர்ந்திருக்கலாம், அதைப் பிள்ளைத் தோலில், அதுவும் மூடிய இடத்தில் தடவக் கூடாது. மூத்திரம் போகும்போது அழுகை, காரணம் தெரியாத காய்ச்சல் இருந்தால் சிறுநீர்ச் சோதனை தேவைப்படும். ராத்திரியில் பின்பக்கத்தைச் சொறிந்தால் கீரிப்பூச்சியாக இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினாலே போதும்; அங்கிருந்து அனுப்பினால் போடிக்கோ க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கோ போகலாம்.

பயணத்தில் மாற்றுவது தனிக்கலை. ஓடுகிற ஜீப்பில் மாற்றாதீர்கள், வளைவில் யார் மேல் யார் விழுவோம் என்று தெரியாது. ஏறும் முன் ஒன்று, மெட்டில் டீக்கு நிறுத்தும்போது ஒன்று. பின்சீட்டைப் பிடித்து நிற்க வைத்து மாற்றிவிடலாம். மஞ்சப்பையில் ஒரு பாட்டில் தண்ணீர், இரண்டு பழைய வேட்டித்துண்டு, செய்தித்தாள் இருந்தால் போதும். பஸ்ஸில் என்றால் சுற்றி இருக்கிறவர்களின் வாய்க்குத்தான் பயம். “புள்ளைய அடக்கத் தெரியல” என்று ஒரு குரல் கட்டாயம் வரும். அவர்களுக்காகத்தான் நாம் பாதிநாள் பிள்ளையை அதட்டுகிறோம். அந்தப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காருங்கள்.

கழற்றினதை ஓடையில் வீசுகிற பழக்கம் எங்கள் ஊரிலும் இருக்கிறது. அதற்குள் இருக்கும் ஜெல்லும் பிளாஸ்டிக்கும் மக்காது. மழைக்கு ஊதிப்போய்க் கண்மாய் மடையில் வந்து அடைக்கும். மலத்தைக் கக்கூஸில் தட்டிவிட்டு, தாளில் இறுகச் சுற்றி, குப்பை வண்டியில் தனியாகக் கொடுங்கள். 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளும் சுற்றித்தான் போடச் சொல்லின. சுற்றுகிற வேலையைப் பிள்ளையிடம் பாதி கொடுக்கலாம். என் இளையவள் தாளை மடிப்பதற்காகவே மாற்ற வந்து நின்றாள்.

பால்வாடியில் இரண்டு வயதிலிருந்து சேர்ப்பார்கள். அதற்குள் டயப்பரை விடவைத்தே ஆக வேண்டும் என்று அவசரப்படுகிறவர்கள் அடுத்த அத்தியாயத்தைப் படியுங்கள். இப்போதைக்கு ஒன்று மட்டும். ‘ஈரமாயிருச்சு’ என்று பிள்ளையே வந்து சொல்லத் தொடங்கினால், நனைந்த துணியை இழுத்துக் காட்டினால், அதை ஒரு சேதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் விடியக்காலையில் எதிர்வீட்டு வாசலில் ஜீப் நின்றது. டிரைவர் இரண்டாவது ஹாரன் அடித்தார். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் அந்த வீட்டு மருமகள் தரையில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு பொடியன், ஒரு கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில். மாமியார் திண்ணைக்கு வந்து சொன்னார்: “செத்த இருய்யா. ஒரு காலு ஏறிருச்சு, இன்னொரு காலு ஏறணும்.”